மூத்த மாப்பிள்ளையும் ஒரு தேனீக்காரரும்

கண்டவரைப் பார்த்து வயிறெரிகிற ஆள் இல்லை லிஃப்ட் மெக்கானிக். பக்கத்து வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கியபோது ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்து, மனதார நாலு நல்ல வார்த்தை சொன்னவர். கூடவே வேலைக்குச் சேர்ந்தவன் மேற்பார்வையாளராகி இவரையே அதட்ட ஆரம்பித்தபோதும் வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கியவர். அவரிடம் இருந்த பொறாமை முழுவதும், சிந்தாமல் சிதறாமல், ஒரே ஒரு மனிதருக்காக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. அந்த மனிதர் அவருடைய சகலை. மனைவியின் தங்கை புருஷன்.

சகலை ஏசி விற்பவர். வயதிலும் கல்யாண வரிசையிலும் இவருக்குப் பின்னால் வந்தவர். மற்ற எல்லா வரிசையிலும் முன்னால் போய் நின்றுகொண்டார். அதைக்கூட மெக்கானிக் மன்னித்திருப்பார். மன்னிக்க முடியாமல் போனது மாமனாரின் நாற்காலியை.

மாமனார் வானிலை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலமெல்லாம் மழை வரும், வராது என்று சொல்லிச் சொல்லி ஊராரின் சிரிப்பைச் சம்பாதித்தவர். அதனால் தன் பேச்சைக் கேட்க ஓர் ஆள் வேண்டும் என்ற பசி அவருக்கு அதிகம். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மகள்களும் குடும்பத்தோடு அங்கே சாப்பிடப் போவார்கள். கை கழுவிவிட்டு வந்ததும் மாமனார் தன் நாற்காலியை இளைய மாப்பிள்ளை பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார். காற்றின் ஈரப்பதம் பற்றி ஏசிக்காரரிடம் பேச அவருக்கு எவ்வளவோ இருந்தது. நாற்காலி அந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் மூத்த மாப்பிள்ளைக்குத் தெரிவது மாமனாரின் பின்மண்டை. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பின்மண்டையை அவர் ஆழ்ந்து படித்திருந்தார். முடி எங்கே சுழிக்கிறது, காலரில் எந்த இடத்தில் நூல் பிரிந்திருக்கிறது என்று கேட்டால் படமே போட்டுக் காட்டுவார்.

லிஃப்டைப் பற்றி மாமனாரிடம் பேச முயன்றதும் உண்டு. "ஓடுதுல்ல?" என்பார் மாமனார். ஓடுகிறது என்பார் இவர். அதோடு அந்தத் தலைப்பு முடிந்துவிடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு கல்லூரிப் பேராசிரியர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். இரண்டு மாடிகளுக்கு நடுவே பெட்டி நின்றுவிட்டது. உள்ளே இருப்பவர் பயந்துவிடாமல் இருக்க வெளியிலிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது மெக்கானிக்கின் தொழில் வழக்கம். உதவியாளர் மேலே மோட்டார் அறைக்குப் போய் பிரேக்கைத் தளர்த்தி, கையால் சக்கரத்தைச் சுற்றிப் பெட்டியை இறக்கும்வரை கதவோடு வாய் வைத்துப் பேசினார். சார் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். உள்ளிருந்து வந்த பதில் அவரைக் கதவோடு ஒட்ட வைத்துவிட்டது. பேராசிரியர் வேற்றுக் கிரகத்தில் ஆள் தேடுகிறாராம்.

பெட்டி இறங்கிக் கதவு திறந்த பிறகும் இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து பேசினார்கள். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பெரிய தட்டு வைத்துப் பிடிக்கிறார்கள். வருவதெல்லாம் வெறும் இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் யாராவது வேண்டுமென்றே அனுப்பிய ஒலி ஒளிந்திருக்கிறதா என்று சலித்துப் பார்க்க வேண்டும். சலிப்பதற்கு அவர்களிடம் இருக்கும் கம்ப்யூட்டர்கள் போதாது. அதனால் இரைச்சலைத் துண்டு போட்டு, முன்வருகிறவர்கள் வீட்டுக்கெல்லாம் இணையம் வழியாக அனுப்புகிறார்கள். வீட்டுக் கம்ப்யூட்டர் சும்மா கிடக்கும் நேரத்தில் தன் பாட்டுக்குச் சலித்து, முடிவைத் திருப்பி அனுப்பிவிடும். ஆள் கிடைத்தால், எந்த வீட்டுக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்ததோ அந்த வீட்டுக்காரர் பெயரையும் சேர்த்துத்தான் அறிவிப்பார்களாம்.

மெக்கானிக் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் சும்மா கிடந்தது. மகள் படிக்க வாங்கியது. மகள் விடுதிக்குப் போனபின் அதன் மேல் துவைத்த துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள் மனைவி. துணிகள் கட்டிலுக்கு இடம் மாறின. கம்ப்யூட்டர் வானத்தைச் சலிக்க ஆரம்பித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, யாரோ என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, சும்மா சொல்லிவைத்தார். சொல்லி முடிப்பதற்குள் மாமனாரின் நாற்காலி கிறீச்சென்று திரும்பியது. அத்தனை கிட்டத்தில் அந்த முகத்தை மெக்கானிக் அன்றுதான் பார்த்தார். மூக்கோரத்தில் ஒரு மரு இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. எந்தத் திசையில் தட்டு, மேகம் மறைக்குமா, மழை பெய்தால் என்ன செய்வார்கள் என்று கேள்வி மேல் கேள்வி. சகலை இரண்டு தடவை ஈரப்பதம் என்று ஆரம்பித்துப் பார்த்தார். எடுபடவில்லை.

அன்று முதல் வாராவாரம் ஒரு கேள்வி. "என்ன மாப்பிள்ளை, ஏதாவது கேட்டுதா?" கேட்டுவிட்டு மாமனார் பதிலுக்குக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புக்காகவே மெக்கானிக் வாரம் முழுக்க உயிர் வாழ்ந்தார் என்றால் மிகை, ஆனால் பெரிய மிகையில்லை. வேற்றுக் கிரகவாசி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்த நாற்காலி தன் பக்கம் இருந்தால் போதும் என்று இருந்தார்.

சகலைக்கு மூக்கில் வேர்த்தது. ஒரு நாள் போன் செய்தார். "அண்ணே, அந்த வானத்து விஷயம், நம்ம வீட்டு கம்ப்யூட்டர்லயும் போட்டு விடறீங்களா?"

இந்த இடத்தில் மெக்கானிக் முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சகலை தன்னிடம் ஒன்று கேட்டது அதுவே முதல் தடவை. அன்று மாலையே போய், தன் வீட்டில் என்னென்ன எப்படி வைத்திருந்தாரோ அதையெல்லாம் அச்சு அசலாக அங்கேயும் வைத்துக் கொடுத்தார். காலையில் புதுத் துண்டு வாங்கும் நேரம் உட்பட. சகலையின் கம்ப்யூட்டர் அவருடைய மகன் விளையாடுவதற்காக வாங்கியது, குதிரை மாதிரி ஓடக்கூடியது. அதற்கென்று தனி அறை. அறைக்குத் தனி ஏசி. உள்ளே காலடி வைத்ததுமே மெக்கானிக்குக் குளிர்ந்தது. வயிற்றில் மட்டும் சூடு.

சலித்துக் கொடுக்கும் துண்டுகளுக்கெல்லாம் மதிப்பெண் உண்டு. இணையப் பக்கத்தில் எல்லோர் மதிப்பெண்ணும் தெரியும். சகலைக்கு வானம் பற்றியோ அலை பற்றியோ கவலை கிடையாது. அந்த எண் ஏறுகிறதா என்று மட்டும் பார்ப்பார், ஷோரூமில் விற்பனை பார்ப்பதுபோல. ஏறியது. மெக்கானிக் மாதக்கணக்கில் சேர்த்ததை அவர் சில வாரங்களில் தாண்டிவிட்டார். தாண்டிய ஞாயிற்றுக்கிழமை அதைச் சாப்பாட்டு மேசையிலேயே அறிவித்தார்.

மாமனார் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "ஏசி ரூம்ல வெச்சிருக்காருல்ல, அதான். மெஷினுக்கும் ஒரு வசதி வேணும் பாருங்க." இதை மெக்கானிக்கிடம் சொன்னது முகமா பின்மண்டையா என்று சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் மெக்கானிக் கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, மேசை ஃபேனைக் கொண்டுவந்து அதன் குடலுக்கு நேராக வைத்தார். மனைவி முந்தானையால் விசிறிக்கொண்டு வந்து நின்றாள். "ஏங்க, வேர்க்கறது எனக்கா அதுக்கா?" என்று கேட்டாள். பிறகு, செவ்வாய்க்கிரகத்துக்காரி வந்தால் ஃபேனை அவளுக்கும் கொடுப்பீர்களா என்று விசாரித்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

இதற்கிடையில் சகலை நிறைய ஏசி விற்றுவிட்டார். அதற்குப் பரிசாகக் கம்பெனி அவரைக் குடும்பத்தோடு வெளிநாட்டுச் சுற்றுலா அனுப்பியது. வீட்டுச் சாவியை மெக்கானிக்கிடம் கொடுத்து, "அண்ணே, செடிக்கு மட்டும் தண்ணி ஊத்திடுங்க. கம்ப்யூட்டரை அணைச்சிடாதீங்க. அந்த ரூம் ஏசியும் ஓடிட்டே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

ஆள் இல்லாத வீட்டில் கம்ப்யூட்டருக்கு ஏசி. மெக்கானிக் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். பிறகு அந்த அறைக்குள் போய், ஜில்லென்ற காற்றில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். அப்போதுதான் அவருக்குள் இருந்த தொழில்காரர் விழித்துக்கொண்டார். யாரும் இல்லாத கட்டடத்தில் மின்சாரம் ஓடலாமா? ஒரு ஒயர் உருகினால்? ஒரு பொறி பறந்தால்? தங்கச்சி வீடாயிற்றே என்ற பாசத்தோடு சுவர் ஸ்விட்சை அணைத்தார். ஏசியையும் அணைத்தார். பாதுகாப்பு விஷயத்தில் தான் எப்போதுமே கறார் என்று படியிறங்கும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தங்கச்சி வீட்டு ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்ததை அவருடைய பாதுகாப்பு உணர்ச்சி கவனிக்கவில்லை.

சகலையின் எண் நின்றது. இவருடைய எண் ஊர்ந்து ஊர்ந்து அதை நெருங்கியது. மெக்கானிக் தினமும் காலையில் பல் தேய்த்துக்கொண்டே அதைப் பார்த்து மகிழ்ந்தார்.

அப்படிப் பார்த்த ஒரு காலையில்தான் பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது. திரையில் எப்போதும் குட்டைப் புல் மாதிரி கோடுகள் இருக்கும். அன்று நடுவில் ஒரே ஒரு கோடு பனைமரம் மாதிரி நின்றது. இணையப் பக்கத்தில் அந்தத் துண்டின் பக்கத்தில் 'கவனிக்கத்தக்கது' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, 'துணை முடிவுக்காகக் காத்திருக்கிறது.'

இந்தத் துணை என்பது அவர்களுடைய விதி. ஒரு கம்ப்யூட்டர் சொல்வதை மட்டும் நம்ப மாட்டார்கள். ஒவ்வொரு துண்டையும் இரண்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். இரண்டும் ஒரே முடிவைச் சொன்னால்தான் செல்லும். துணை யார் என்பதும் அங்கேயே போட்டிருக்கும். மெக்கானிக் விரலால் தொட்டுப் பார்த்தார். சகலைக்காக இவரே பதிவு செய்து கொடுத்திருந்த அவர் கடையின் பெயர்.

எத்தனையோ வீடு இருக்க இந்த வீடா என்று ஆடிப்போனார். யோசித்துப் பார்த்ததும் விளங்கியது. துண்டு வெட்டியதும், அந்த நேரத்தில் யார் கை நீட்டுகிறார்களோ அவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். இரண்டு வீடும் காலையில் ஒரே நேரத்தில் கை நீட்டும்படி வைத்தது வேறு யாரும் இல்லை. அந்தத் துண்டு சகலையின் கம்ப்யூட்டருக்குள் போய் வரிசையில் உட்கார்ந்திருந்தது. அதன் முறை வருவதற்குள் தங்கச்சி வீட்டின் பாதுகாப்பு குறுக்கே வந்துவிட்டது.

மெக்கானிக் முன்னால் இப்போது இரண்டு வழிகள். போய் ஸ்விட்சைப் போட்டால் விஷயம் சீக்கிரம் உறுதியாகும். உலகம் அறிவிக்கும்போது இவர் பெயரும் சகலை பெயரும் பக்கத்தில் பக்கத்தில் வரும். மாமனார் வீட்டு மேசையிலாவது பக்கத்தில் பக்கத்தில் உட்காராமல் தப்பிக்கலாம், அண்டவெளியில் எங்கே போய்த் தப்பிப்பது? போடாமல் விட்டால், தவணை கடந்ததும் துண்டை வேறு ஒருவருக்கு அனுப்பிவிடுவார்கள். முகம் தெரியாத யாரோ ஒருவரோடு புகழைப் பங்கு போடுவதில் இவருக்கு ஆட்சேபம் இல்லை. ஸ்விட்ச் இருந்தபடியே இருக்கட்டும் என்று முடிவு செய்தார்.

ஆனால் மாமனாரிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? போன் செய்தார். மாமனார் நிதானமாக, வானிலை அறிக்கை கேட்பவர் போல, ஒவ்வொன்றாகக் கேட்டார். துணை விதியைச் சொன்னதும், "யாரு மாப்பிள்ளை அந்தத் துணை?" என்றார்.

மெக்கானிக் சமையலறை வாசலில் நின்றிருந்தார். எதிரே அலமாரியில் தேன் பாட்டில். "அது வந்து, தேனீ வளர்க்கறவர் மாமா" என்றார். "எங்கயோ மலையில இருக்காரு. அங்க கரன்ட் சரியா இல்ல போலிருக்கு. அதான் லேட்டாகுது."

அடுப்படியில் நின்ற மனைவி திரும்பிப் பார்த்தாள். தேன் பாட்டிலையும் பார்த்தாள்.

அன்றிலிருந்து மாமனார் தினமும் போன் செய்தார். மகளின் எண்ணை விட்டுவிட்டு நேராக மாப்பிள்ளை எண்ணுக்கு. மோட்டார் அறையில் கிரீஸ் கையோடு நிற்கும்போது அந்த எண் ஒளிர்ந்தால், மெக்கானிக் முழங்கையால் பொத்தானை அழுத்தி எடுப்பார். முதல் சில நாட்கள் சொர்க்கம்தான். பிறகு மெல்ல மெல்ல ஒரு விஷயம் அவருக்குப் பிடிபட்டது. மாமனார் பனைமரக் கோட்டைப் பற்றி ஒரு வரி கேட்பார். மீதியெல்லாம் தேனீக்காரரைப் பற்றி.

மலையில் மழை எப்படி? மழை வருவதற்கு முன் தேனீ கூட்டுக்குத் திரும்பிவிடுமாமே, கேட்டுச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் முன்னால்? மேகம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதாம்? மெக்கானிக் சளைக்கவில்லை. வானத்தைச் சலிப்பதை நிறுத்திவைத்துவிட்டு, அதே கம்ப்யூட்டரில் இணையத்தைத் திறந்து தேனீக்களைப் பற்றிப் படித்தார். ராணித் தேனீ, வேலைக்காரத் தேனீ, புகை போடுவது, அடை எடுப்பது. படித்ததைத் தேனீக்காரர் சொன்னதாக மாமனாரிடம் ஒப்பித்தார். பிரம்மச்சாரி, தனியாக இருக்கிறார், அதிகம் பேச மாட்டார் என்று இடையிடையே குணச்சித்திரமும் சேர்த்தார். கதை சொல்வதில் தனக்கு இப்படி ஒரு கைவளம் இருப்பது அவருக்கே தெரியாது.

விளைவு, மாமனார் தேனீக்காரரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தார். வாழ்நாள் முழுக்கத் தான் கருவிகளை வைத்துச் சொல்ல முடியாததை அந்த மனிதர் பூச்சியைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார் என்று நெகிழ்ந்தார். என்ன நிதானம், என்ன கவனிப்பு என்று வியந்தார்.

மெக்கானிக்குக் காதில் புகை வந்தது. இத்தனை நாள் பொத்திப் பாதுகாத்த பொறாமையில் சகலைக்குப் போக மிச்சம் ஏதும் இருக்காது என்றுதான் நினைத்திருந்தார். ஏகப்பட்டது இருந்தது. தேனீ பற்றிப் படித்தது இவர். அதைக் கோவையாகச் சொன்னது இவர். பெயர் மட்டும் அந்த மலைக்காரனுக்கு. அவன் இல்லை என்பது ஒரு சாக்கா? இல்லாதவனுக்கே இவ்வளவு மரியாதை என்றால் இருந்து தொலைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அவனுடைய பெயரைக் கெடுப்பது என்று தீர்மானித்தார். ஒரு நாள் போனில் குரலைத் தாழ்த்தி, தேனீக்காரருக்குக் குடிப்பழக்கம் இருப்பதாகக் கேள்வி என்றார்.

"மலைக் குளிர்ல தனியா இருக்கறவர், பாவம்" என்றார் மாமனார். "கொஞ்சம் எடுத்துக்கிட்டா என்ன தப்பு மாப்பிள்ளை?"

ஒரு தடவை நண்பன் வீட்டு விருந்திலிருந்து லேசான வாடையோடு வந்ததற்காக இதே மாமனார் இரண்டு மாதம் தன்னோடு பேசாமல் இருந்தது மெக்கானிக்கின் நினைவுக்கு வந்தது. மறுநாள், ஆள் கொஞ்சம் சோம்பேறி என்று சொல்லிப் பார்த்தார். அவசரப்படாத சுபாவம் என்று மாமனார் திருத்திக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சகலை இன்னும் திரும்பவில்லை. மேசையில் மாப்பிள்ளை என்று இருந்தது இவர் ஒருவர்தான். நாற்காலி திரும்பவும் வேறு பக்கம் கிடையாது. முழு முகமும் இவருக்கே. மாமனார் டம்ளரை வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி, பெருமூச்சோடு சொன்னார்:

"எனக்கு மூணாவதா ஒரு பொண்ணு இருந்திருந்தா, அந்த மாதிரி ஒருத்தருக்குத்தான் கொடுத்திருப்பேன்."

மாமியார் மோர் ஊற்ற வந்தவள் அப்படியே நின்றாள். மனைவி புருஷன் முகத்தைப் பார்த்தாள். அதில் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தன.

திரும்பி வரும் வழியில் மனைவி அமைதியாகச் சொன்னாள். "பாட்டில்ல தேன் தீரப்போகுதுங்க. அதுக்குள்ள அந்த ஆளையும் முடிச்சு வெச்சிடுங்க."

"உனக்குத் தெரியுமா?"

"நீங்க பாட்டிலைப் பாத்துட்டே பேசினீங்க. நல்லவேளை பக்கத்துல இருந்த ஊறுகாயைப் பாக்கல."

பொறாமைக்காரனுக்கும் ஒரு கணக்கு உண்டு. சகலை தொந்தரவுதான். ஆனால் சகலையிடம் தொப்பை இருக்கிறது, முன்வழுக்கை விழுகிறது, சிரிக்கும்போது மேல் ஈறு தெரிகிறது. சாப்பாட்டு மேசையில் தும்முவார். கண்ணெதிரில் இருக்கும் மனிதனோடு போட்டி போடலாம், என்றாவது ஒருநாள் அவன் சறுக்குவான். மலைமேல் இருப்பவன் சறுக்கவே மாட்டான். பஸ் நிறுத்தத்திலேயே மனைவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மெக்கானிக் நேராகச் சகலை வீட்டுக்குப் போனார். ஏசியைப் போட்டார். கம்ப்யூட்டரைப் போட்டார். துண்டு வரிசையிலிருந்து எழுந்து முன்னால் வருவதை நின்று பார்த்தார். முடிவு உறுதியானதும் மாமனாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அமைத்துக்கொண்டார்: மாமா, தேனீக்காரரால முடியல, விலகிட்டாரு. அது நம்ம தம்பியோட கம்ப்யூட்டருக்கு மாறிடுச்சு. கண்டுபிடிச்சது நானும் தம்பியும்தான். தம்பி என்ற சொல் மட்டும் கசந்தது. கசந்தாலும் சொல்லிவிடுவது என்றே இருந்தார்.

முடிவு வந்தது. சகலையின் கம்ப்யூட்டர் அந்தத் துண்டில் ஒன்றுமே இல்லை என்றது. வெறும் புல். இரண்டும் ஒத்துப்போகாததால் துண்டு மூன்றாவதாக ஒரு வீட்டுக்குப் போனது. அதுவும் புல் என்றே சொன்னது. மெக்கானிக்கின் முடிவுக்கு எதிரே சிவப்பில் 'பிழை' என்று விழுந்தது. எதனால் பிழை வரும் என்று உதவிப் பக்கத்தில் தேடினார். அதிகச் சூடானால் கம்ப்யூட்டர் தப்பாகக் கணக்குப் போடும் என்று எழுதியிருந்தது. வேற்றுக் கிரகத்திலிருந்து யாரும் கூப்பிடவில்லை. அவர் வீட்டுப் பெட்டிக்குக் காய்ச்சல்.

இப்போது தேனீக்காரரை எப்படி முடித்து வைப்பது? துணை சகலைதான் என்று சொன்னால், சகலை சரி, இவர் தப்பு என்றாகிவிடும். ஏசி வைத்த மெஷின் சரி, மேசை ஃபேன் வைத்த மெஷின் தப்பு. அந்த வாக்கியத்தை மாமனார் எந்தக் குரலில் சொல்வார் என்பதுகூட அவருக்குக் கேட்டது. மெக்கானிக் சட்டென்று புது யோசனைக்குத் தாவினார். இல்லாத ஆள், எதிர்த்துப் பேசவா போகிறான்? பழியை அவன் தலையில் போட்டுவிட்டால் போயிற்று. போனை எடுத்தார்.

"மாமா, ரெண்டும் ஒத்துப்போகல. தேனீக்காரர் மெஷின் தப்பாக் கணக்குப் போட்டிருச்சு."



"இருக்காது மாப்பிள்ளை" என்றார் மாமனார். "அவர் நிதானமான ஆளு. உங்க மெஷினை ஒரு தடவை நல்லாப் பாருங்க. உங்க வீட்ல சூடு ஜாஸ்தி."

மெக்கானிக் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடியும் வைத்தார். சொந்தப் பேரப்பிள்ளையின் அப்பா சொல்கிறார். எதிர்த்தரப்பில் ஆளே கிடையாது. அப்படியும் வழக்கு தோற்றுவிட்டது. அதிலும் தீர்ப்பு சரியான தீர்ப்பு.

"பாக்கறேன் மாமா" என்றார்.

"அப்படியே அவர்கிட்ட வருத்தப்பட வேண்டாம்னு நான் சொன்னதாச் சொல்லிடுங்க."

"சொல்றேன் மாமா."

சகலை சுற்றுலா முடிந்து வந்தார். தன் எண் நடுவில் சில நாள் ஏறாமல் நின்றிருந்ததைக் கவனித்து, கரன்ட் போயிருக்கும் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார். எந்தத் துண்டுக்கு யார் துணை என்பதையெல்லாம் திறந்து பார்க்கிற ஆள் அவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை புதுச் சட்டையில், நெற்றி கறுத்து, மாமனாருக்கு ஒரு தோல் செருப்போடு வந்தார். சாப்பாடு முடிந்ததும் கைபேசியை நீட்டிக் கடற்கரைப் படங்களைக் காட்டத் தொடங்கினார். மாமனார் இரண்டு படங்கள் பார்த்தார். மூன்றாவது படத்தில் சகலை ஒட்டகத்தின் மேல் இருந்தார். மாமனார் நாற்காலியைத் திருப்பினார்.

"என்ன மாப்பிள்ளை, தேனீக்காரர் கோவிச்சுக்கலையே? நான் சொன்னதைச் சொன்னீங்களா?"

சொன்னதாகவும், அவர் மிகவும் சந்தோஷப்பட்டதாகவும் மெக்கானிக் தெரிவித்தார். மலையில் பூக்கும் காலம் ஆரம்பித்துவிட்டது என்றார். பூக்கும் காலத்தில் காற்று எப்படி என்று மாமனார் கேட்டார். பேச்சு அந்த வழியில் வெகுதூரம் போயிற்று. சகலை ஒட்டகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே மாமனாரின் பின்மண்டை. மெக்கானிக் அதைக் கவனித்தார். அனுபவிக்கத்தான் நினைத்தார். ஆனால் மாமனார் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு 'அவரு'வும் இவர் பல்லில் மண் மாதிரி நறநறத்தது.

கிளம்பும் நேரத்தில் பெண்கள் உள்ளே பாத்திரம் பிரித்துக்கொண்டிருக்க, சகலை மெக்கானிக்கின் முழங்கையைப் பிடித்துக் கார் பக்கம் ஓரங்கட்டினார்.

"அண்ணே, யாரு அந்தத் தேனீ ஆளு?"

"ஏன் தம்பி?"

"நான் அவ்வளவு தூரம் போயிட்டு வந்திருக்கேன். செருப்பு அளவு சரியா இருக்கான்னுகூடப் போட்டுப் பாக்கல. வாயத் தொறந்தா அந்த ஆளுதான்." சகலை கார்ச் சாவியால் கதவைத் தட்டினார். "மழைக்கு முன்னாடி தேனீ வீட்டுக்கு வந்துடுமாம். ஏன், வராம குடை பிடிச்சிட்டா நிக்கும்? இது ஒரு கண்டுபிடிப்பா?"

மெக்கானிக் சகலையின் முகத்தை உற்றுப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்தது அவருக்கு நன்றாகத் தெரிந்த பொருள். இத்தனை வருஷமாகத் தினமும் கண்ணாடியில் பார்த்து வருவது. அதை இன்னொருவர் மூஞ்சியில் பார்க்கும்போது இவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. அந்த மனிதர் இல்லவே இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் சகலைக்கு நெஞ்சு ஆறிவிடும். ஆறிய நெஞ்சோடு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஈரப்பதம் என்று ஆரம்பித்துவிடுவார்.

"அந்த ஆளா?" என்றார் மெக்கானிக், காரில் சாய்ந்துகொண்டு. "எனக்கும் மொதல்ல இருந்தே அவரப் புடிக்கல தம்பி."

"பெரிய இவர் மாதிரி."

"அதேதான். ரெண்டு பூச்சி வளர்த்துட்டா எல்லாம் தெரிஞ்சிடுமா?"

"குடிப்பாரா?"

"ம். நல்லா."

"மாமாகிட்ட சொல்லலையா?"

"சொன்னேனே. மலைக் குளிருக்குக் குடிக்கறாராம், பாவமாம்."

சகலை வேதனையோடு தலையை ஆட்டினார். பிறகு காரின் முன்கதவைத் திறந்து, உள்ளே கிடந்த பொட்டலங்களைப் பின்னால் தள்ளினார். "பஸ்ஸுக்கு எதுக்கு நிக்கறீங்க அண்ணே, ஏறுங்க, நான் விட்டுடறேன்" என்றார். இத்தனை வருஷத்தில் அந்தக் காரில் மெக்கானிக் ஏறியதில்லை. ஏறினார். மனைவிகள் வந்து பின்னால் உட்காரும்வரை பேசினார்கள், உட்கார்ந்த பிறகும் பேசினார்கள். தேனீக்காரரின் கர்வம், சோம்பல், பெரியவர்களை மயக்கும் தந்திரம் என்று ஒன்று விடவில்லை. தெரு முனையில் சகலை புதிதாக ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்தார்: அந்த ஆள் கல்யாணம் செய்துகொள்ளாததற்குக் கட்டாயம் ஏதோ காரணம் இருக்க வேண்டும். இருக்கிறது தம்பி, சொல்கிறேன் கேளுங்கள் என்று மெக்கானிக் இருக்கையில் வசதியாகத் திரும்பி உட்கார்ந்தார்.